மூன்று வளையம், நான்கு கோடை

செக் நாட்டின் தெற்கே, திரெபோன் ஏரிப் பக்கத்துக்காரர் யாரிடமாவது ஒரு கெண்டை மீனைக் காட்டி வயது கேட்டுப் பாருங்கள். முதுகிலிருந்து ஒரு செதிலைப் பிடுங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் செதிலில் ஒரு வளையம் விழும். கிறிஸ்துமஸ் சந்தைக்கு வரும் கெண்டையில் மூன்று வளையம் இருக்கும். வெளியூர்க்காரன் அதை எண்ணிப் பார்த்துவிட்டு "மூணு வயசு" என்பான். எங்களுக்குப் பற்றிக்கொண்டு வரும். மீன் என்ன பனிக்கட்டிக்கு அடியிலா வளர்கிறது? கோடையில்தானே தின்கிறது, கொழுக்கிறது? மூன்று வளையம் விழுந்த மீன் நான்காவது கோடையையும் தின்று தீர்த்த பிறகுதான் நாங்கள் மதகைத் திறந்து ஏரியை வடிக்கிறோம். ஆகவே அது நாலு. இந்த விஷயத்தில் எங்களோடு வாதம் செய்து யாரும் ஜெயித்தது கிடையாது. கல்யாண வீட்டிலேயே இதற்காகக் கைகலப்பு நடந்திருக்கிறது.

ஹினெக் ஸ்லாமா பெரிய ஏரி மதகுக் காவலரின் மகன். பேசப் பழகிய நாளிலிருந்து அவனுக்கு அது நாலுதான். அந்த நாலு, விழக்கூடாத இடத்தில் அவன் வாயிலிருந்து விழுந்தது.

முப்பத்தெட்டாம் வருடக் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், வழக்கம்போல அவன் அம்மா ஃபிலோமெனா ஒவ்வொரு தட்டுக்கு அடியிலும் ஒரு கெண்டைச் செதிலை வைத்தாள். சாப்பிட்டு முடித்ததும் அதை எடுத்துப் பர்ஸில் போட்டுக்கொண்டால் வருடம் முழுக்கக் குறைவு வராது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அப்பா அந்த வருடம்தான் போய்ச் சேர்ந்திருந்தார். மேசையில் அம்மா, ஹினெக், தங்கை அனெஷ்கா, மூன்றே பேர். அடுத்த மார்ச்சில் ஜெர்மானியர்கள் பிராகுக்குள் நுழைந்தார்கள். ஜூனில், இருபத்திரண்டு வயதில், ஹினெக் போலந்து எல்லையைத் தாண்டக் கிளம்பினான்.

கிளம்பும் முன் அம்மா அவன் கோட்டுக் காலரைப் பிரித்து, பர்ஸிலிருந்த செதிலை உள்ளே வைத்து, சிவப்பு நூலால் ஒரு தையல் போட்டாள்.

"அம்மா, அது பர்ஸுல வைக்கிறது. யாராவது காலர்ல வச்சுத் தைப்பாங்களா?"

"பர்ஸை எவனாவது புடுங்கிக்குவான். கழுத்தை ஆட்டாத, ஊசி ஏறிடப் போவுது."

"மாட்டிக்கிட்டா?"

"மீன் செதிலுக்காக எவன்டா உன்னைத் தூக்குல போடப் போறான்?" என்றாள் அம்மா. பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

போலந்து, பிரான்ஸ், பிறகு இங்கிலாந்து. அங்கே எங்கள் செக் பையன்களை மட்டுமே வைத்து ஒரு குண்டுவீச்சுப் படை அமைத்தார்கள். ஹினெக்குக்கு வெலிங்டன் விமானத்தின் வால் முனையில், கண்ணாடிக் கூண்டுக்குள், இரட்டைத் துப்பாக்கிக்குப் பின்னால் இடம் கிடைத்தது. கோட்டு மாறி சீருடை வந்தது. செதிலும் நூலோடு இடம் மாறிச் சீருடைக் காலருக்குள் போனது.

படையில் எல்லோருக்கும் இரண்டு பெயர். காரணம் எளிது. ஜெர்மானியர்களின் கணக்கில் செக்காரர்கள் அவர்களுடைய குடிமக்கள். ஆங்கிலேயன் பிடிபட்டால் போர்க் கைதி. செக்காரன் பிடிபட்டால் துரோகி. அவனுக்குத் தூக்கு, வீட்டில் இருப்பவர்களுக்கு முகாம். அதனால் ஆளாளுக்கு ஒரு ஆங்கிலப் பெயரை வைத்துக்கொண்டு, "கனடாக்காரன், அம்மா பிரெஞ்சுக்காரி, அதனால்தான் பேச்சு இப்படி" என்று ஒரு கதையையும் மனப்பாடம் செய்துகொண்டார்கள். ஸ்லாமா என்றால் எங்கள் மொழியில் வைக்கோல். ஆங்கிலத்தில் வைக்கோலுக்கு ஸ்ட்ரா. ஹினெக் யோசித்து யோசித்து ஹென்றி ஸ்ட்ரா ஆனான்.

அவன் விமானத்துக்கு வரைபடம் வைத்து வழி பார்ப்பவன் க்விடோ, சட்டம் படித்தவன், ஹினெக்கை விட ஆறு வயது மூத்தவன். கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டான்.

"பேரை ஒளிச்சு வைடான்னா மொழிபெயர்த்து வச்சிருக்கியேடா! ஒளிச்சு வச்ச இடத்தைக் கைகாட்டி விடுற மாதிரி!"

"மறந்துடக் கூடாதுல்ல அண்ணே. அடிபட்டு மயக்கத்துல கேட்டாலும் வாயில வரணும்."

"மயக்கத்துல உன் வாயில வர்றது எனக்குத் தெரியும். மதகு, மீன், அம்மா. நீ மயங்காமலே இரு, அதுதான் எல்லாருக்கும் நல்லது."

ஒவ்வொரு முறை பறக்கும் முன்பும் பையைக் காலி செய்ய வேண்டும். கடிதம், பஸ் டிக்கெட், படம், எதுவும் உடம்பில் இருக்கக்கூடாது. செதில் இருப்பது க்விடோவுக்கு மட்டும் தெரியும். "அந்த மீனைப் பிச்சு எறிடா" என்பான். "அடுத்த தடவை அண்ணே" என்பான் ஹினெக். பதினோரு முறை அப்படிச் சொன்னான். பதினோரு முறையும் விமானத்தின் ஆறு பேரும் முழுசாகத் திரும்பி வந்தார்கள். அப்புறம் எந்த மடையன் அதைப் பிய்த்து எறிவான்?

நாற்பத்தொன்று ஜூலையில் பன்னிரண்டாவது முறை. ஹாம்பர்க்கிலிருந்து திரும்பும் வழியில், கிழக்கு வெளுக்கிற நேரம் பார்த்து, ஒரு சண்டை விமானம் கீழிருந்து ஏறி வந்தது. ஹினெக் சுட்டான், அவனும் சுட்டான். இடது இறக்கை எரியத் தொடங்கியபோது காதுக்குழாயில் க்விடோவின் குரல் கேட்டது. "ஹினெக், குதி. நாங்க பின்னாடியே வர்றோம்." கூண்டைத் திருப்பி, பாராசூட்டோடு முதுகுப் பக்கமாக விழுந்தான். யாரும் பின்னாடி வரவில்லை. பீட்ரூட் வயலில் கால் மடங்கிக் கிடந்தவனை விவசாயிகள் வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனபோது, தூரத்தில் புகை தெரிந்தது. வண்டிக்காரர் ஐந்து விரலைக் காட்டி, கையைக் கவிழ்த்தார். ஹினெக் அழுதான், சத்தமில்லாமல். வாயைத் திறந்தால் செக்கில் அழுதுவிடுவோமோ என்ற பயம்.

பிராங்க்பர்ட் பக்கத்து விசாரணை முகாமில் நான்கு நாள் தனி அறை. ஜூலை வெயிலில் அறைச் சூடேற்றியை முழு வேகத்தில் ஓட விட்டிருந்தார்கள். குடிக்கக் கருகிய தண்ணீர், அதற்குப் பெயர் காப்பி. ஐந்தாம் நாள் காலை ஓர் அறைக்குக் கூட்டிப் போனார்கள். மேசைக்குப் பின்னால் ஒல்லியாக, மூக்குக்கண்ணாடி போட்டு, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர். பெயர் பிட்னர் என்று சொல்லிக்கொண்டார். ஆங்கிலம் புத்தகத்தில் அச்சடித்தது மாதிரி இருந்தது.

"அமருங்கள், திரு. ஸ்ட்ரா. கனடாவில் எந்த ஊர்?"

"வின்னிபெக்."

"நல்லது. உங்கள் சீருடையைச் சோதித்தோம். மன்னிக்க வேண்டும், இது எங்கள் வழக்கம்." ஒரு வெள்ளைத் தாளை மேசையில் விரித்தார். அதன் நடுவில் கட்டைவிரல் நக அளவில் செதில். ஓரத்தில் ஊசித் துளை, துளையில் சிவப்பு நூல் துணுக்கு. "இது என்ன?"

ஹினெக் கண்ணைச் செதிலிலிருந்து எடுத்தான். "எனக்குத் தெரியாது. பழைய சீருடை. முன்னால் வைத்திருந்தவனுடையதாக இருக்கும்."

"இருக்கலாம்" என்றார் பிட்னர். அவசரமே படவில்லை. வின்னிபெக் குளிரைப் பற்றிக் கேட்டார், சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். பிரெஞ்சில் இரண்டு வாக்கியம் பேசிப் பார்த்தார். பிரான்ஸில் இருந்த எட்டு மாதம் ஹினெக்கைக் காப்பாற்றியது. அரை மணி நேரம் போயிற்று. ஹினெக்குக்குத் தூக்கம் கண்ணைச் சொருகியது. சமாளித்துவிட்டோம் என்று கூட நினைத்தான்.

பிட்னர் செதிலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். தனக்குள் பேசுவது போல, "அழகான பொருள். வளையங்கள் தெரிகின்றன. ஒன்று. இரண்டு. மூன்று. மூன்று வயது மீன்" என்றார்.

"நான்கு" என்றான் ஹினெக்.

ஆங்கிலத்தில்தான் சொன்னான். ஒரே வார்த்தை. சொன்னது தான்தான் என்பது அவனுக்கே ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது. இருபது வருடப் பழக்கம், யாராவது மூன்று என்றால் நாக்கு தானாகவே நாலு என்கிறது. அட கடவுளே, உயிரே போகிற இடத்தில் கெண்டைக்கு வயது திருத்துகிற ஜனங்கள் எங்களைத் தவிர உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்?

பிட்னர் செதிலை மெல்லத் தாளில் வைத்தார். வாசலில் நின்ற காவலனை வெளியே போகச் சொன்னார். கதவு சாத்தியதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பேசினார், செக் மொழியில், அதுவும் எங்கள் தென் பக்கத்துக் கொச்சையில்.

"நாலுதான் தம்பி. எங்கப்பாவும் நாலுன்னுதான் சொல்வாரு. புதேயோவிட்சேல சத்திரம் வச்சிருந்தோம். வருஷா வருஷம் ஏரி வடிக்கிறப்ப வண்டி கட்டிக்கிட்டு உங்க பக்கம் வருவோம்."

ஹினெக் சுவரைப் பார்த்தான். "எனக்கு இந்த மொழி புரியவில்லை" என்றான் ஆங்கிலத்தில்.

"புரியாட்டி விடு. நான் பாட்டுக்குப் பேசுறேன். ஸ்ட்ரான்னா வைக்கோல். வைக்கோலுக்கு நம்ம பக்கத்துல ஸ்லாமா. பெரிய ஏரியில ஒரு ஸ்லாமா இருந்தாரு, மதகுக் காவல். ஏரிக்கு அந்தக் கரையில நின்னு அவர் திட்டினா இந்தக் கரையில எங்க குதிரை மிரளும். அவருக்கு ஒரு பையன் இருந்தான், வாளி தூக்கிக்கிட்டு ஓடுவான். அவன்தான் எங்கப்பாகிட்ட ஒரு தடவை சண்டை போட்டான். 'மூணு இல்ல, நாலு'ன்னு. அன்னிலேருந்துதான் எங்கப்பாவுக்கும் நாலு."

அந்தச் சண்டை ஹினெக்குக்கு ஞாபகம் இருந்தது.

"உங்க படையில ஒரு புதுப் பெட்டி பொருத்துறாங்கன்னு கேள்வி. வழி பாக்கிறதுக்கு. அது எந்த அளவு, எத்தனை விமானத்துல இருக்கு, எந்த நாள்ல பறக்கப் போவுது, அவ்வளவுதான் எனக்கு வேணும். சொன்னா நீ வின்னிபெக் ஸ்ட்ரா. உன் கதையில எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லைன்னு நானே எழுதிக் கொடுக்கிறேன். சொல்லலைன்னா..." பிட்னர் செதிலை விரலால் ஒரு சுற்றுச் சுற்றினார். "அம்மா இருக்காங்கள்ல? நாலு மணிக்கு வர்றேன். யோசிச்சு வை."

அறைக்குத் திரும்பினான். உச்சி வெயில், சூடேற்றி, பூட்டிய கதவு. ஹினெக்குக்குப் பெட்டியைப் பற்றித் தெரியும். க்விடோ மூன்று வாரம் அதில்தான் பயிற்சி எடுத்தான். வாய் ஓயாமல் அதைப் பற்றியே பேசினான். இதைச் சொன்னால் அடுத்த மாதம் இருபது விமானத்துக்கு முன்னால் சண்டை விமானங்கள் காத்திருக்கும். இருபது விமானம், நூற்றிருபது பேர். பாதிப் பேரின் பல் துலக்கும் சத்தம் கூட அவனுக்குத் தெரியும். சொல்லாவிட்டால் ஒரு அம்மா, ஒரு தங்கை. கணக்கு என்று பார்த்தால் சுலபம். ஆனால் அந்த ஒரு அம்மா அவனுடைய அம்மா. பொய் சொல்லலாமா என்று பார்த்தான். பிட்னர் மாதிரி ஆளிடம் பொய் இரண்டு நாள் தாங்காது. சுவரில் தலையை முட்டிக்கொண்டு உட்கார்ந்தான். சொல்லிவிடுவதென்று ஒரு முறை முடிவே செய்துவிட்டான். அதை மறைத்து அவனைப் பெரிய வீரனாக்க எனக்கு இஷ்டமில்லை.

நான்கு மணிக்கு பிட்னர் வந்தார். ஹினெக் எழுந்து நின்றான். வாயைத் திறந்தான். பெட்டியின் நீள அகலம் நுனி நாக்கில் நின்றது. அந்த நேரம் பார்த்துக் காதுக்குள் க்விடோவின் குரல் வந்தது. நாங்க பின்னாடியே வர்றோம் என்றவன், வராதவன்.

"ஹென்றி ஸ்ட்ரா. சார்ஜென்ட்" என்றான். பிறகு தன் படை எண்ணைச் சொன்னான்.

"தம்பி..."

"ஹென்றி ஸ்ட்ரா. சார்ஜென்ட்."

மூன்றாவது முறையும் அதையே சொன்னான். குரல் உடைந்தது, வார்த்தை உடையவில்லை. பிட்னர் நின்றபடியே ஒரு படிவத்தில் எழுதினார். நிறைய எழுதினார். மை காய ஊதினார். செதில் இருந்த தாளை மடித்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"அது என்னுடையது" என்றான் ஹினெக், ஆங்கிலத்தில்.

"இனிமே இல்ல" என்றார் பிட்னர், செக்கில். கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் அவனை மற்றக் கைதிகளோடு ரயிலில் ஏற்றினார்கள். போர்க் கைதி முகாமில் கொடுத்த அடையாளத் தகட்டில் ஹென்றி ஸ்ட்ரா என்றுதான் இருந்தது. அது பிட்னரின் தயவா, அல்லது அம்மாவைப் பிடிக்கும் வரை விட்டுவைத்திருக்கிறார்களா? ஹினெக்குக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. மாதத்துக்கு இரண்டு கடிதம், மூன்று அட்டை எழுதலாம். வீட்டுக்கு ஒரு வரி போட்டால், தானே தன் பெயரை எழுதிக் கொடுத்த மாதிரி. எனவே இங்கிலாந்தில் விமானத் தளத்துக்கு வெளியே தேநீர்க்கடை வைத்திருந்த ஒரு அம்மாளுக்கு 'அன்புள்ள அத்தை' என்று எழுதினான். அந்த மகராசி மறு பேச்சில்லாமல் அத்தையாகவே பதில் போட்டாள்.

நான்கு வருடம். காலையும் மாலையும் வரிசையில் நிறுத்தி எண்ணுவார்கள். ஐந்து ஐந்து பேராக நிற்க வேண்டும். ஹினெக் நான்காவது இடத்தில் நிற்கவே மாட்டான். யாரையாவது தள்ளிக்கொண்டு மூன்றாவதிலோ ஐந்தாவதிலோ போய் நிற்பான். சீட்டாட்டத்தில் அந்த எண் கையில் வந்தால் ஆட்டத்தையே விட்டு எழுந்துவிடுவான். மற்றவர்களுக்கு அவன் ஒரு மாதிரியான ஆள். முகாமில் எல்லோருமே ஒரு மாதிரிதான், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நாற்பத்திரண்டு கோடையில் மறைத்து வைத்திருந்த ரேடியோவில் செய்தி வந்தது. பிராகில் நாஜிகளின் பெரிய அதிகாரி ஒருவரைக் கொன்றுவிட்டார்கள். பதிலுக்கு ஒரு கிராமத்தையே எரித்து, ஆண்களைச் சுட்டிருக்கிறார்கள். வெளிநாட்டுக்கு ஓடிப் போனவர்களின் குடும்பங்களை வீடு வீடாகப் போய்ப் பிடிக்கிறார்கள். முகாமில் ஆங்கிலப் பெயரோடு இருந்த மூன்று செக் பையன்களின் உண்மைப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, பிராகுக்குக் கொண்டு போனார்கள். ஹினெக் அன்றிலிருந்து காலணியோடு படுத்தான்.

பத்து நாள் கழித்து, மத்தியானத்தில், வாசலில் ஒரு ஜெர்மன் காவலன் காகிதத்தைப் பார்த்துக் கத்தினான். "ஸ்ட்ரா! அலுவலகத்துக்கு!"

ஹினெக் எழுந்தான். பக்கத்துப் படுக்கைக்காரனிடம் தன் கம்பளியைக் கொடுத்தான், சிகரெட்டைக் கொடுத்தான். திறந்த மைதானத்தில் நூறு அடி தூரம் நடந்தான். அம்மாவைப் பிடித்துவிட்டார்கள் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. என்னால்தான், என் நாக்கால்தான். ஒவ்வொரு அடியிலும் இதையே சொல்லிக்கொண்டு போனான். அலுவலகத்தில் கிழட்டுக் குமாஸ்தா ஒரு பொட்டலத்தை நீட்டினார். தேநீர்க்கடை அத்தை பின்னி அனுப்பிய காலுறை. ஒன்று பெரியது, ஒன்று சின்னது.

"கையெழுத்துப் போடுப்பா. என்ன இப்படி நடுங்குற, குளிரா? ஜூலை மாசத்துலயா?"

ஹினெக் சிரித்தான். வெளியே வந்து, கொட்டகைக்குப் பின்னால் போய் வாந்தியெடுத்தான்.

நாற்பத்தைந்து ஜனவரியில் ரஷ்யர்கள் நெருங்கியதும் கைதிகளைப் பனியில் மேற்கே நடத்திக்கொண்டு போனார்கள். ஏப்ரலில் ஆங்கிலேய டாங்கிகள் வந்தன. ஆகஸ்டில் ஹினெக் பிராகில் இறங்கி, ரயில் பிடித்து, ஊருக்கு வந்தான். வழியில் எவரிடமும் வீட்டைப் பற்றி விசாரிக்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

ரயில் நிலையத்திலிருந்து வரும் வழியில் கல்லறைத் தோட்டம். அப்பாவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நுழைந்தான். உண்மையில் வீட்டுக்குப் போவதைத் தள்ளிப் போட்டான். அப்பாவின் கல்லில் அப்பா பெயருக்குக் கீழே இன்னொரு பெயர் செதுக்கியிருந்தது.

ஹினெக் ஸ்லாமா. 1917 – 1939.

இரண்டு முறை படித்தான். கல்லைத் தடவிப் பார்த்தான். அடியில் எரிந்து தீர்ந்த மெழுகுவத்திக் கிண்ணங்கள், புதுப் பூ. யாரோ போன ஞாயிற்றுக்கிழமை வைத்தது. அம்மாவின் பெயரைத் தேடினான். இல்லை. அனெஷ்காவின் பெயரும் இல்லை. முகாமில் செத்தவர்களுக்குக் கல்லே கிடையாது என்பது நினைவுக்கு வந்ததும் அவன் ஓடத் தொடங்கினான். மடங்கிய கால் சரியாகக் கூடவில்லை; நொண்டியபடியே ஓடினான்.

மதகு வீட்டு முற்றத்தில் ஒரு கிழவி வாளியில் பிளம் பழம் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். கையிலிருந்த கத்தி விழுந்தது. சிலுவைக் குறி போட்டாள், நகரவில்லை.

"அம்மா" என்றான் ஹினெக். "அம்மா, நான்தாம்மா."

அவள் எழுந்து வந்தாள். முகத்தைத் தொட்டாள், காதைத் தொட்டாள், காலரைத் திருப்பி உள்ளே பார்த்தாள். பிறகு பளாரென்று கன்னத்தில் ஒன்று விட்டாள்.

"நாலு வருஷமா உனக்கு மெழுகுவத்தி ஏத்திக்கிட்டிருக்கேன்டா, பாவி! பாதர் பூசைக்கு மட்டும் எத்தனை வாத்து கொடுத்திருக்கேன் தெரியுமா!" அப்புறம்தான் அழுதாள். அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, முற்றம் முழுக்கக் கேட்கும்படி அழுதாள்.

சமையலறையில் உட்கார்ந்ததும் ஹினெக் எல்லாவற்றையும் கொட்டினான். செதில், பிட்னர், நாலு. "நான் உன்னைக் காட்டிக் கொடுத்துட்டேன்மா. ஒரு வார்த்தைதான். என் வாய் சும்மா இருக்கல."

ஃபிலோமெனா பிரார்த்தனைப் புத்தகத்தை எடுத்து வந்தாள். உள்ளே ஒரு கவர். பிராங்க்பர்ட் முத்திரை, தட்டச்சில் முகவரி, அனுப்பியவர் பெயர் இல்லை. கவருக்குள் மடித்த வெள்ளைத் தாள், தாளுக்குள் செதில். சிவப்பு நூல் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"நாப்பத்தொண்ணு ஆகஸ்டுல வந்திச்சு. ஒரு வரி எழுத்து இல்ல. நான் தைச்ச நூல் எனக்குத் தெரியாதா? உயிரோட இருக்கிறவன் காலர்லேருந்து இதை எவன் பிரிச்சு அனுப்புவான்? பொணத்துலேருந்துதான் எடுத்திருக்கான்னு நெனச்சேன். போயிட்டான் என் புள்ளைன்னு உக்காந்துட்டேன்."

"அப்ப கல்லுல ஏன் முப்பத்தொம்பது?"

"அது பாதர் பண்ணின வேலை. 'ஃபிலோமெனா, செத்ததுதான் செத்தான், எல்லையிலயே செத்ததா இருக்கட்டும், இங்கிலாந்து வரைக்கும் எதுக்குப் போகணும்'னாரு. பதிவேட்டுலயும் அப்படியே எழுதிட்டாரு." அம்மா மூக்கைச் சிந்தினாள். "அதுவரைக்கும் நான் என்ன பண்ணிக்கிட்டிருந்தேன் தெரியுமா? சந்தையில நின்னு, 'எம்புள்ள இங்கிலீஷ்காரனோட பறக்குறான்'னு பெருமை பீத்திக்கிட்டிருந்தேன். நானும் தச்சர் பார்ட்டோஷும். அவரு பையனும் அங்கதானே இருந்தான். கவர் வந்ததும் என் வாய் அடைச்சிருச்சு. பேசறதுக்கு என்ன இருந்துச்சு?"

நாற்பத்திரண்டில் பட்டியலோடு ஜெர்மானியர்கள் ஊருக்கு வந்தார்கள். ஊர்க் காவலர் ஷ்டிக்கா அவர்களைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனார். ஸ்லாமா வீட்டு வாசலில் நின்று, "இது செத்துப் போச்சு, கல்லு வச்சு மூணு வருஷமாச்சு" என்று அவர்களைக் கல்லறைக்கே கூட்டிப் போய்க் காட்டினார். கல் அப்போது வைத்துப் பத்து மாதம்தான். ஷ்டிக்கா முந்தின நாளே சாணியையும் பாசியையும் தேய்த்துப் பழசாக்கி வைத்திருந்தார். பட்டியலில் பெயரை அடித்தார்கள். பார்ட்டோஷ் வீட்டில் கணவனையும் மனைவியையும் லாரியில் ஏற்றினார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை. பையன் மட்டும் இங்கிலாந்திலிருந்து வந்து, பூட்டிய வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தான்.

இதைக் கேட்டு ஹினெக் செதிலைக் கையில் எடுத்தான். நாலு என்று அவன் சொல்லாமல் இருந்திருந்தால் அந்தச் செதில் இங்கே வந்திருக்காது. வராமல் இருந்திருந்தால் அம்மா சந்தையில் பீற்றிக்கொண்டே இருந்திருப்பாள். நான்கு வருடமாக எந்த வார்த்தைக்காகத் தன்னைத் தானே தின்றுகொண்டிருந்தானோ, அதுதான் அம்மாவை இந்த நாற்காலியில் உட்கார வைத்திருந்தது. சந்தோஷப்படத் தோன்றவில்லை அவனுக்கு. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

பிட்னர் எதற்காக அனுப்பினார்? உன் வீடு எனக்குத் தெரியும் என்று மிரட்டவா, பையன் இருக்கிறான் என்று சொல்லவா, அல்லது அவன் செத்துவிட்டான் என்று நம்ப வைக்கவா? அந்த இலையுதிர் காலத்தில் ஹினெக் புதேயோவிட்சேக்குப் போய் அந்தச் சத்திரத்தைத் தேடினான். கதவில் பலகை அடித்திருந்தது. போர் முடிந்ததும் ஊரிலிருந்த ஜெர்மன் குடும்பங்களை நாட்டை விட்டே ரயிலேற்றி அனுப்பக் கூட்டி வைத்திருந்தார்கள். அங்கே அந்தப் பெயரில் யாரும் இல்லை. எனக்கு அந்த ஆள் மேல் நல்லெண்ணம் கிடையாது. சூடேற்றி வைத்த அறையை நான் மறக்கத் தயாரில்லை. வயதான பிறகும் ஹினெக் மட்டும், "ஒரு வார்த்தை கேட்டுட்டா போதும்" என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். நாற்பத்தொன்பதில் ஆங்கிலேயனோடு பறந்த குற்றத்துக்காக புதிதாக ஆட்சிக்கு வந்த கம்யூனிஸ்டுகள், நம் ஆட்களே, அவரைப் பிடித்து மூன்று வருடம் சுரங்கத்தில் போட்டார்கள். அப்போது பெயர் கேட்டவர்களிடம் "ஹினெக் ஸ்லாமா" என்று உரக்கச் சொன்னாராம். அந்த ஒன்றில்தான் அவருக்குத் திருப்தி.

ஆனால் நாற்பத்தைந்து கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் அவன் வீட்டில்தான் இருந்தான். அனெஷ்கா பிராகிலிருந்து புதுக் கணவன் எமிலோடு வந்திருந்தாள். நல்ல பையன், வங்கியில் வேலை, மீனைத் தட்டில் மட்டுமே பார்த்தவன். கெண்டையும் உருளைக்கிழங்கு சாலட்டும் முடிந்ததும் எல்லோரும் தட்டைத் தூக்கிச் செதிலை எடுத்தார்கள். எமில் தன் செதிலை விளக்குக்கு நேரே பிடித்து எண்ணினான்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணு வயசு மீன். சரியா அத்தை?"

அனெஷ்கா கணவனின் காலை மேசைக்கு அடியில் மிதித்தாள். எல்லோரும் ஹினெக்கைப் பார்த்தார்கள். அவன் கண் தன்னையறியாமல் வாசல் பக்கம் போயிற்று. கதவு சாத்தியிருந்தது. வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது, காலடிச் சத்தம் எதுவும் இல்லை.

"சொல்லுடா" என்றாள் அம்மா.

"நாலு" என்றான் ஹினெக், காதோடு சொல்வது மாதிரி.

"எனக்குக் காது சரியாக் கேக்கல. சத்தமாச் சொல்லு. உங்கப்பன் இருந்தா ஏரிக்கு அந்தக் கரைக்குக் கேட்டிருக்கும்."

ஹினெக் எழுந்து நின்றான். ஜன்னல் கண்ணாடி அதிர, "நாலு!" என்று கத்தினான். மறுபடியும் கத்தினான். நாயெல்லாம் குரைக்கத் தொடங்கியது. எமில் பயந்துபோய்ச் செதிலைக் கீழே போட்டுவிட்டான்.